ஃபெராரி 308 ஏசி: ஆர்134ஏ கேஸுக்கு மாற்றியவர்கள் உண்டா?

நண்பர்களே, பட்டறைக்கு 1978 ஃபெராரி 308 ஜிடிபி வந்திருக்கிறது. கம்பெனி ஏசி அப்படியே இருக்கிறது, பழைய யார்க் பிஸ்டன் கம்ப்ரசர் உட்பட. ஓடுகிறது, ஆனால் வருவது வெறும் காற்றுதான். என்ஜின் இருக்கைக்குப் பின்னால், கூலிங் காயில் முன்னால். நடுவில் போகும் நீளமான ஹோஸ்களில்தான் கேஸ் கசிகிறது என்று சந்தேகம். இதற்கான பழைய குளிர்பதன கேஸ் ஆர்12 இப்போது குதிரைக்கொம்பு. ஆர்134ஏ போட்டால் கம்ப்ரசருக்குள் இருக்கும் பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது. கழுவிவிட்டு எஸ்டர் ஆயில் விடணும், ஹோஸ், ட்ரையர் (ஈரத்தை உறிஞ்சும் டப்பா) மாற்றணும். அதுவரை சரி. கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் காயில்) பழையதே தாங்குமா? யார்க்குக்குப் பதில் சாண்டன் கம்பெனி கம்ப்ரசர் போட்டால் அதிர்வு குறையும், ஆனால் உரிமையாளர் அசல் தோற்றம் கெடக்கூடாது என்கிறார் (நியாயம்தான்). யார்க்கை வைத்தே ஓட்டியவர்கள், எவ்வளவு கேஸ் ஏற்றினீர்கள், வெயிலில் ஹெட் பிரஷர் (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் கேஸின் அழுத்தம்) எவ்வளவு காட்டியது என்று சொல்லுங்களேன்.