பில்லில் சேர்ந்து வரும் சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொல்லலாமா?

அடையாற்றுவாசி:
என் தந்தையாரின் எழுபதாவது பிறந்தநாளுக்காகச் சென்னையில் சற்று விலை கூடிய ஓர் உணவகத்துக்குக் குடும்பத்துடன் போயிருந்தோம். சாப்பிட்டதற்கு 3,200 ரூபாய், அதன்மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம் 320 ரூபாய், பிறகு ஜிஎஸ்டி 176 ரூபாய் என்று மொத்தம் 3,696 ரூபாய்க்குப் பில் வந்தது. பரிமாறியவர், அப்பாவுக்குப் பல் சரியில்லை என்பதைத் தாமாகவே கவனித்து, ரொட்டியை ஓரம் முறுகாமல் மெத்தென்று போட்டு வரச் செய்தார். அந்த அன்புக்காகச் சோம்புத் தட்டில் தனியே நூறு ரூபாய் வைத்தேன். வீடு திரும்பும்போது என் மனைவி, ஒரே வேலைக்கு இரண்டு முறை கொடுத்துவிட்டோமே என்றார். சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டா? சொன்னால் கஞ்சன் என்று நினைக்கமாட்டார்களா?

கணக்குப்பிள்ளை:
உரிமை உண்டு, ஐயா. எந்த உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த மாதமே இடைக்காலத் தடை பெற்றன; ஆனால் 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அவற்றின் மனுக்களைத் தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன.

உங்கள் பில்லையே பாருங்கள். 3,200 ரூபாய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 160 ரூபாய்தான். சேவைக் கட்டணத்தையும் கூட்டி அதற்கும் வரி போட்டதால் 176 ஆகியிருக்கிறது. இதையும் அந்த நெறிமுறைகள் தடுக்கின்றன. ஆக, நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது 336 ரூபாய். பலர் இதை அரசாங்கத்தின் பழைய சேவை வரி என்று எண்ணிப் பேசாமல் கட்டிவிடுகிறார்கள். அந்த வரி 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது.

கோவைக்காரன்:
மெனு அட்டையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களே. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் நாம் ஒப்புக்கொண்டதாக ஆகாதா?

கணக்குப்பிள்ளை:
ஆகாது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. அச்சடித்துவிட்டதாலேயே அது கட்டாயமாகிவிடாது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பில்லைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பழைய சர்வர்:
பதினோரு ஆண்டுகள் தட்டு ஏந்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பில்லில் ஏறும் பணம் முதலில் முதலாளியின் கணக்குக்குத்தான் போகிறது. அதை அவர் பங்கிட்டுத் தரலாம், தராமலும் இருக்கலாம். நான் இருந்த ஓர் இடத்தில், உடைந்த கண்ணாடித் தம்ளர்களுக்கான விலையைக் கழித்துக்கொண்டுதான் எங்கள் பங்கைக் கொடுத்தார்கள். கழிக்காத மாதம் நினைவில் இல்லை. சோம்புத் தட்டில் வைத்த நூறு ரூபாய் அப்படியன்று, அன்றிரவே மேசை துடைக்கும் பையனுக்கும் அதில் பத்து இருபது போய்ச் சேரும். இப்போது எல்லோரும் ஜிபேயில் கட்டுவதால் அந்தத் தட்டு காலியாகவே திரும்புகிறது. கையில் கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்திருங்கள். டிபன் கடையில் பத்து இருபது ரூபாயும், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் ஐந்து சதவீதம் போலவும் கொடுத்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நீங்களே டோக்கன் வாங்கித் தட்டை எடுத்துவரும் இடத்தில் எதுவும் வைக்க வேண்டியதில்லை. எடுக்கச் சொல்வதைப் பரிமாறுபவரிடம் சொல்லாதீர்கள், பில்லில் கைவைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. மேலாளரை அழைத்து, பணம் கட்டுவதற்கு முன்பே, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்.

அடையாற்றுவாசி:
இருவருக்கும் நன்றி. நேற்று அதே உணவகத்துக்குப் போய் அப்படியே செய்தேன். மேலாளர் ஒரு கணம் தயங்கினார். பிறகு மறுபேச்சின்றி வேறு பில் போட்டுத் தர ஒப்புக்கொண்டார். அது வருவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று, அதற்குள் அப்பா இன்னொரு காபி சொல்லிவிட்டார்.