வளவுக்குள்ள வெடிச் சாமான் கண்டனீங்களோ? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

நானே தொடங்குறன். நாங்கள் பளைப் பக்கம், சண்டை முடிஞ்சு 2010 கடைசியில திரும்பி வந்து குடியேறினனாங்கள். வளவு முழுக்கப் பத்தை, வீடு எண்டு நிண்டது பின்சுவர் மட்டும்தான். துப்பரவாக்கேக்க அம்மம்மா ஒரு இரும்புச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து முத்தத்தில போட்டா, ஒரு பக்கம் கூர், மற்றப் பக்கம் செட்டை மாதிரி, முழுக்கக் கறள். நெல்லுக் காயப்போடுற பாய் காத்துக்குச் சுருளாமல் பாரம் வைக்க நல்ல சாமானாம். ரெண்டு மாசம் அது அங்கயேதான் கிடந்தது, கோழி ஏறி நிக்கும், தம்பி காலால உருட்டுவான், நானும் ஒருக்கா அதில தேங்காய் உடைக்கப் பாத்தனான் (இப்ப நினைச்சாலும் கை நடுங்குது). பிறகு மிதிவெடி விளக்கம் சொல்ல வந்த பெடியன் தண்ணி குடிக்க உள்ள வந்தவன், அதைக் கண்டதும் செம்பை வைச்சிட்டு "ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ" எண்டு மெதுவாச் சொன்னான். 81 மில்லிமீற்றர் மோட்டார் ஷெல், வெடிக்காமல் விழுந்தது. எங்களை ரோட்டுக்குக் கலைச்சுப்போட்டு ஆக்களைக் கூப்பிட்டு பின்னேரம் வெடிக்க வைச்சவை, சுவரில மிச்சமிருந்த பூச்சும் கொட்டுண்டுது. அம்மம்மா கேட்ட ஒரே கேள்வி, "அப்ப பாய்க்கு இனி எதை வைக்கிறது?"

—

அம்மம்மாவை நினைச்சுச் சிரிச்சாலும் வயித்தைக் கலக்குது தம்பி. நான் முகமாலையில நாலு வருசம் மிதிவெடி எடுத்தனான், என்னோட நிண்ட பொம்பிளையளில கனபேர் புருசனை இழந்தவை. 2000இல ஆனையிறவு விழுந்த பிறகு ரெண்டு பக்கமும் வருசக்கணக்கா முன்னரங்கு போட்டு இருந்த இடம் அது, ஆமி தாட்டதும் இயக்கம் (புலிகள்) தாட்டதும் ஒரே மண்ணுக்குள்ள கிடக்கு. ஆமியின்ர பி4 மிதிவெடி கைக்குள்ள அடங்கிற பிளாஸ்டிக் சாமான், இரும்பு துளிதான் இருக்கும். இயக்கத்தின்ர ஜொனி மிதிவெடி மரப்பெட்டி, கனதுக்குக் கறையான் அரிச்சுப் பெட்டியே இராது, ஆனா உள்ள இருக்கிற வெடிமருந்து அப்பிடியே இருக்கும். டிடெக்டரை மட்டும் நம்பேலாது எண்டு குந்தியிருந்து ரேக்கால மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமா வறுகுவம், ஒரு மீற்றர் அகல லேன், முகத்துக்கு வைசர், வெயிலுக்கு அது உள்ளயே அவியும், பனை வேர் வந்தால் அண்டைய நாள் அதோடயே போயிடும்.

பயம் எது தெரியுமோ, மிதிவெடி கண்டால் இல்லை, காணாட்டித்தான். ஆமி தாட்டது வரிசை வரிசையா ஒரே இடைவெளியில வரும், அப்ப அடுத்தது எங்க எண்டு கணக்குத் தெரியும். ஒருநாள் ஆறு எடுத்தாச்சு, ஏழாவது இருக்கவேண்டிய இடம் வெறும் மண். மாடு மிதிச்சதோ, மாரி வெள்ளம் அள்ளிக்கொண்டு போனதோ, ஆரும் கிளப்பினதோ? மூண்டு நாள் அகட்டி அகட்டித் தேடி கடைசியில ஒரு வடலிக்குக் கீழ, வேர் தூக்கிப் பிரட்டி வைச்சிருந்தது, வயிறு மேல, முகம் கீழ. அதை வெடிக்க வைச்ச அண்டைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கினது.

இலங்கை 2017 டிசம்பரில மிதிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா ஒப்பந்தத்தில சேர்ந்தது, 2028 ஜூனுக்குள்ள முழுக்க எடுத்து முடிக்கோணும் எண்டு கெடு. முகமாலையைப் பாத்தவைக்கு அந்தக் கெடு சின்னதாத்தான் தெரியும்.

—

அக்கா சொன்னதோட இதையும் சேருங்கோ, டாங்கிக்குத் தாட்ட மிதிவெடி ஆள் நடந்தால் அனேகமா வெடிக்காது, அதை நம்பி "நாங்கள் பத்து வருசமா நடந்த பாதைதானே" எண்டு உழவு மெசினை விடுறவையும் இருக்கினம். குப்பை கொளுத்திறதும் அப்பிடித்தான், எங்கட பக்கத்து வளவில சருகு கூட்டி நெருப்பு வைக்க அடியில கிடந்த துவக்கு ரவையெல்லாம் சோளப்பொரி மாதிரிப் பொரிஞ்சுது, நல்லகாலம் ரவைதான். பழைய இரும்புக்காரர் கிலோவுக்குக் காசு குடுக்கேக்க பெடியள் எதையெல்லாம் தூக்குவாங்கள் எண்டு சொல்லத் தேவையில்லை. எங்கட பழைய கிணத்துக்குள்ள சண்டை முடியிற நேரம் எதையோ பெட்டி பெட்டியாக் கொட்டினவை எண்டு ஊராக்கள் சொல்லுகினம், இன்னும் இறைக்கேல்லை. மூடிபோட்டுக் கம்பியும் அடிச்சு விட்டிட்டு வளவின்ர மற்ற மூலையில குழாய்க் கிணறு அடிச்சனாங்கள், தண்ணி உவர்.