புதுப்பிப்பு: 32 இன்ச் எல்இடி டிவி, சத்தம் வருது, படம் இல்லை

சர்வீஸில் "பேனல் போச்சு, புது டிவி வாங்கிடுங்க" என்றதை முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். பேனல், அதாவது படம் காட்டும் திரை, போகவில்லை. போனது அதன் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்.

இருட்டறையில் டிவியை ஓடவிட்டு, டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்வாக அடித்தால் உருவங்கள் மங்கலாக நகர்வது தெரியும். தெரிந்தால் பேனலும், படத்தை அனுப்பும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன. காசு கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பேக்லைட் பட்டைகளில் இருக்கும் குட்டி விளக்குகளான எல்இடிகள் பெரும்பாலும் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தாலே மொத்தமும் அணைந்துவிடும். ஒரு நொடி வெளிச்சம் வந்து உடனே போனாலும் சந்தேகம் இங்கேதான். 6 வோல்ட் எல்இடியை மல்டிமீட்டரின் (மின் அளவு பார்க்கும் கருவி) டயோடு நிலை எரிய வைக்காது, அதை வைத்துப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். எல்இடி டெஸ்டர் வேண்டும்.

புதுப் பட்டை வாங்கும்போது நீளம், எல்இடி எண்ணிக்கை, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, கனெக்டரின் பிளஸ் மைனஸ் எல்லாம் பழையதோடு பொருந்தணும். ஒரு பட்டையை மட்டும் மாற்றினால் வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரியும், மற்றவையும் வரிசையாகப் போகும். முழு செட்டையே மாற்றுங்கள்.

பயப்பட வேண்டிய இடம் பேனலைத் தூக்குவது. விளிம்பில் தொங்கும் மெல்லிய ரிப்பன் மடங்கினால் திரையில் கோடு விழும், பிறகு மீட்பது கஷ்டம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கணும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அனுபவம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.

மாற்றியதும் செட்டிங்கில் பேக்லைட்டை 100-லிருந்து 60, 70-க்குக் குறைத்து வையுங்கள். முழு வெளிச்சத்தின் சூடுதான் எல்இடியைச் சீக்கிரம் கொல்கிறது.