ஆக்ஸியம் கேமராவைத் தொட்டுப் பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? என் அனுபவம் இது

திரி தொடங்கியவர், வியன்னாவிலிருந்து:

வணக்கம் நண்பர்களே. இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. ஆக்ஸியம் என்பது அபெர்டஸ் என்ற குழு உருவாக்கிய சினிமா கேமரா, அதன் வடிவமைப்பை யாரும் பார்க்கலாம். பீட்டா அதன் ஒரு பதிப்பு.

எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்ததும் வடபழனியில், சினிமா கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு அவுட்டோர் யூனிட்டில் இரண்டு வருடம் இருந்தேன். கேமராவோடு லொகேஷனுக்குப் போவது, பேட்டரி மாற்றுவது, ஷூட்டிங் முடிந்ததும் பெட்டிகளை எண்ணி வண்டியில் ஏற்றுவது, இவைதான் வேலை. ஒருநாள் ஷூட்டிங் நடுவில் கேமரா ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுபோனது. அந்த எண்ணுக்கு அர்த்தம் கையேட்டில் இல்லை. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினோம். கேமராவை அனுப்பச் சொன்னார்கள். ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. என்ன பழுது என்று கடைசிவரை சொல்லவில்லை. இயக்குநர் திட்டியதுகூட மறந்துவிட்டது. படித்த படிப்பு கையில் இருந்தும் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாமல் நின்றது மட்டும் மறக்கவில்லை.

பிறகு மேற்படிப்புக்கு வியன்னா வந்து இங்கேயே வேலையில் சேர்ந்தேன். என்னோடு வேலை பார்க்கும் ஆஸ்திரியக்காரர் ஒருவர், 2014ல் ஆக்ஸியம் பீட்டாவுக்கு மக்களிடம் நிதி திரட்டியபோது பணம் போட்டவர். அன்று கேட்டது 1 லட்சம் யூரோ, சேர்ந்தது 1,70,000க்கும் மேல். கேமரா அவர் கைக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு நவம்பர் மாத வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். சமையலறை மேசையில் ரொட்டிக்கூடை, பக்கத்தில் கேமரா.

கேமரா என்றால் நம் கண்ணுக்குப் பழகிய உருவம் அதற்கு இல்லை. வெளிக்கூடு கிடையாது. முன்னால் நிக்கான் லென்ஸ் பூட்டும் வளையம் (மவுண்ட்), அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய சர்க்யூட் போர்டுகள், ஒரு சின்ன மின்விசிறி, அவ்வளவுதான். சென்சாருக்கு ஒரு போர்டு, மின்சாரத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் இணைக்க ஒன்று, கடைசியில் மைக்ரோஜெட் என்ற சின்னக் கணினி. ஏ.ஆர்.எம். பிராசஸரும், உள் இணைப்புகளை நாமே மாற்றி அமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ.வும் ஒரே சிப்பில் இருக்கும் ஜிங்க் 7020 அதில் இருக்கிறது. நண்பர் ஒன்றும் விளக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் நகர்த்தினார். நான்கு திருகு கழற்றினேன். கண்ணாடிக்குப் பின்னால் சென்சார், சி.எம்.வி.12000, பெல்ஜியத்தில் வடிவமைத்தது. 4096க்கு 3072 பிக்சல். 35 மி.மீ. சினிமா பிலிமின் கட்டம் அளவுக்கே கிட்டத்தட்ட இருக்கும். அதை அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி பூட்டி, லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க்கில் எஸ்.எஸ்.எச். வழியாகக் கேமராவின் கணினிக்குள் நுழைந்தோம். உள்ளே ஓடுவது ஆர்ச் லினக்ஸ். எதையும் மாற்ற அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டு நம் கையில்! எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சத்தை வாங்கும் நேரம், 10 மில்லி செகண்ட் என்று நானே டைப் செய்தேன். மானிட்டரில் ரொட்டிக்கூடை தெரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தத் திரியைத் தொடங்கவே காரணம். லென்ஸுக்கு மூடி போட்டு, சென்சார் சிக்னலைப் பெருக்கும் கெயினைக் கூட்டி, ஒரு படம் எடுத்தார். கறுப்பாகத்தானே இருக்க வேண்டும்? குறுக்கே மெல்லிய கோடுகள், அங்கங்கே மின்னும் புள்ளிகள். எல்லா சென்சாரிலும் ஏதோ ஒரு அளவில் இது இருக்கும். கடையில் வாங்கும் கேமரா அதை உள்ளேயே கழித்துவிட்டுச் சுத்தமான படத்தை மட்டும் நமக்குத் தரும். இங்கே அந்தக் கழித்தலை நாமே செய்ய வேண்டும். மூடி போட்டபடியே 64 படம் எடுத்துச் சராசரி பார்த்தோம். மாறி மாறி வரும் இரைச்சல் கரைந்துபோய், சென்சாருக்கே உரிய நிரந்தர அச்சு மட்டும் மிஞ்சியது. அதை ரொட்டிக்கூடைப் படத்திலிருந்து கழித்தோம். நிழல் பகுதியில் கூடையின் பின்னல் தெளிந்து வந்தது.

ஆனால் அரைமணி நேரம் கழித்து எடுத்த படத்தில் அதே கழித்தல் சரிவரவில்லை. சென்சார் சூடேறியிருந்தது, அச்சு மாறிவிட்டது. கேமராவைக் கொண்டுபோய்ச் சன்னலோரம் வைத்தோம். வெளியே ஒன்றிரண்டு டிகிரிதான் இருக்கும். ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடி எடுத்தோம். வீடு திரும்பும்போது மணி ஒன்றரை.

ரெண்டு வருடம் கேமராவோடு அலைந்தும் தெரியாத விஷயம் அந்த ஒரு ராத்திரியில் தெரிந்தது. கேமரா தரும் படம் என்பது பாதிதான் வெளிச்சம், மீதி யாரோ போட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் படிக்கும் உரிமை கேமராமேனுக்கு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதில் ஹார்டுவேர் வரைபடங்கள் செர்ன் திறந்த ஹார்டுவேர் உரிமத்தில், மென்பொருள் ஜி.பி.எல். உரிமத்தில். யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம்.

உங்களில் யாருக்காவது இதோடு பழக்கம் இருந்தால் எழுதுங்கள்.

மாணவர், கோவை:

அண்ணா, நான் அந்தக் கேமராவைக் கண்ணால பார்த்ததே இல்ல. ஆனா அது எடுத்த ஒரே ஒரு படத்தோட ரெண்டு வாரம் குடியிருந்தேன்.

மூணாம் வருஷம் படிக்கும்போது மாணவர்கள் திறந்த மென்பொருள் குழுக்களோட வேலை செய்யுற கூகுள் சம்மர் ஆஃப் கோட்ல அபெர்டஸ் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்னு பார்த்தேன். அவங்க முதல்ல ஒரு பரீட்சை வச்சாங்க. 12 பிட் ரா கோப்பு, அதாவது சென்சார் தந்தபடியே சீர்செய்யாத தரவு, ஒண்ணு இருந்துச்சு, அதைப் பிரிச்சு நாலு வண்ணத் தளமா எடுத்து, நிறப்படமா மாத்திக் காட்டணும். ரெடிமேட் லைப்ரரி கூடாது. 4096ஐ 3072ஆல பெருக்கி, பிக்சலுக்கு ஒன்றரை பைட்டுனு கணக்குப் போட்டா 1,88,74,368 பைட் வருது. ரெண்டு பிக்சல் மூணு பைட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கு, நடு பைட் ரெண்டு பேருக்கும் பொது. அந்த நடு பைட்டை நான் தலைகீழா பிரிச்சுட்டேன். படம் முழுக்க மணல் தூவின மாதிரி இருந்துச்சு.

ஐ.ஆர்.சி.ங்கிற இணைய அரட்டையில குழுவைக் கேட்டேன். இங்க ராத்திரி ஒரு மணி, ஐரோப்பாவுல எட்டரை, ஒன்பது மணி இருக்கும். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு. விடையைச் சொல்லல, அந்த மூணு பைட்டையும் தாள்ல எழுதிப் பார்க்கச் சொன்னாங்க. கட்டம் போட்ட நோட்டுல 24 கட்டம் வரைஞ்சு பென்சில்ல நிரப்பினதும் தப்பு எங்கன்னு கண்ணுக்கே தெரிஞ்சுது. அதைத் திருத்தி ஓட்டினா, படம் முழுக்கப் பச்சை! நாலுல ரெண்டு பிக்சல் பச்சைங்கிறதும், வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) செய்யாத படம் அப்படித்தான் இருக்கும்ங்கிறதும் அப்புறம்தான் புரிஞ்சுது.

அந்த வருஷம் எனக்கு இடம் கிடைக்கல. அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு.

ஒரு கேள்வி அண்ணா. சில கோப்புகள் இந்தக் கணக்கைவிட 256 பைட் அதிகமா இருக்கும். சென்சாரோட செட்டிங் இருக்கிற 128 ரிஜிஸ்டரையும், ஒண்ணுக்கு ரெண்டு பைட் வீதம், கடைசியில சேர்த்துடுவாங்க. நீங்க எடுத்ததுல அது இருக்கா?

முன்னாள் ஆய்வக உதவியாளர், ஜெர்மனி:

தம்பிகள் ரெண்டு பேரும் எழுதியதைப் படித்ததும் பழைய நினைவு வந்துவிட்டது. ஆக்ஸியத்துக்கு முந்தைய கதை எனக்குத் தெரியும்.

2006ல் ஆஸ்கர் ஸ்பீரன்பர்க் என்பவர் இந்த முயற்சியைத் தொடங்கி வைத்தபோது சொந்தக் கேமரா செய்யும் எண்ணமே இல்லை. எல்ஃபெல் என்று ஒரு கேமரா உண்டு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆந்திரே ஃபிலிப்போவ் செய்வது. கூகுள் புத்தகங்களை ஸ்கேன் செய்யவும் தெருக்காட்சி எடுக்கவும் பயன்படுத்தியதில் எல்ஃபெல் கேமராக்களும் உண்டு. அதன் வடிவமைப்பு முழுக்கத் திறந்தது. அதையே சினிமாவுக்குப் பழக்கலாம் என்று கூடியவர்கள்தான் பிறகு அபெர்டஸ் ஆனார்கள்.

எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் எல்ஃபெல் 353 ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. திரை கிடையாது, பட்டன் கிடையாது. நெட்வொர்க் கேபிளைச் சொருகி, பிரவுசரில் திறந்து, அங்கேதான் எல்லாம். மாணவர் ஒருவர் அதை ட்ரைபாடில் வைத்துக் குறும்படம் எடுத்தார். நான் பின்னாலேயே லேப்டாப்பும் கேபிளுமாக நடந்தேன். படம் நன்றாகவே வந்தது. ஆனால் சென்சார் விரல்நகத்தைவிடச் சிறியது, பின்னணி மங்கி விலகும் அந்த சினிமா ஆழம் அதில் வராது. அதோடு வரி வரியாகப் படிக்கும் சென்சார். வேகமாகப் போகும் டிராமை எடுத்தால் சன்னல்களெல்லாம் சாய்ந்து நிற்கும். சி.எம்.வி.12000 எல்லா பிக்சலையும் ஒரே கணத்தில் திறந்து மூடும் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, இந்தக் குழு சரியான திசையில்தான் போகிறது என்று நிச்சயம் வந்தது எனக்கு.

கலரிஸ்ட் (படத்தின் நிறத்தைச் சீர்செய்பவர்):

மேஜிக் லேண்டர்னையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கேனான் கேமராவில் நிறுவனம் தராத வசதிகளைச் சேர்க்கும் மென்பொருள் அது. 2009ல் ட்ராமெல் ஹட்சன் கேனான் 5டி மார்க் 2க்காக எழுதத் தொடங்கியது, 2013ல் கேனானில் ரா வீடியோ வரை போனது. அந்தப் பக்கம் கைதேர்ந்தவர்கள் ஆக்ஸியத்தின் ரா கோப்புகளைச் சீர்படுத்தவும் கைகொடுத்தார்கள். பூட்டிய பெட்டியைத் திறந்து பழகியவர்களுக்குத் திறந்த பெட்டி கிடைத்தால் எப்படி வேலை நடக்கும் என்று பாருங்கள்.

திரி தொடங்கியவர்:

மூவருக்கும் நன்றி. எல்ஃபெல் பற்றி எழுதிய அண்ணா, டிராம் சன்னலை இங்கேயும் எடுத்துப் பார்த்தோம். நேராகவே நின்றது.

ரா பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இந்தக் கேமராவில் 4கே ராவைச் சாதாரண எச்.டி.எம்.ஐ. ரெக்கார்டரிலேயே பதிய ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டுக்கு இரண்டு பிக்சல் என்றால், பிக்சலுக்கு 12 பிட் வீதம் 48 பிட். எச்.டி. படத்தில் ஒரு பிக்சல் 24 பிட். ஆக ஒரு 4கே படத்தை இரண்டு எச்.டி. படமாக்கி, நொடிக்கு 60 படம் அனுப்பினால் 30 படம் ரா கிடைக்கும். ரெக்கார்டர் அதை ஏதோ வினோத நிறத்தில் ஒரு வீடியோ என்றே நினைத்துப் பதியும். மானிட்டரில் பார்த்தால் ஒன்றும் புரியாது, கணினியில் பிரித்துக் கோர்த்தால் படம் எழுந்து வரும். இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

தம்பி, உங்கள் கேள்விக்காக அந்த நவம்பர் ராத்திரி எடுத்த கோப்புகளைத் தேடி எடுத்தேன். 256 பைட் இருக்கிறது. ரொட்டிக்கூடைப் படத்தின் வாலைப் பிரித்து எக்ஸ்போஷர் ரிஜிஸ்டரைக் கணக்குப் போட்டேன். பத்து மில்லி செகண்ட். நான் டைப் செய்தது அப்படியே இருக்கிறது. மூடி போட்டு எடுத்த 64 படங்களையும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன், சராசரி எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.