பேரன்ட் கோச்சிங்: 'பெற்றோர் பயிற்சி' வேண்டாம், 'வழித்துணை' சரிவருமா?

வணக்கம்.

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபியில் (அன்றாடச் செயல்களைச் செய்ய உதவும் சிகிச்சை) சிகிச்சையாளர் பெற்றோரோடு சேர்ந்து வழி தேடும் முறையைப் 'பேரன்ட் கோச்சிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பெற்றோர் பயிற்சி' என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரிகிற சொல்தானே என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பயிற்சி என்றால் தெரிந்தவர் சொல்லித்தருவார், தெரியாதவர் அதை அப்படியே செய்வார். வீட்டில் செய்யவேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொடுத்து அடுத்த வாரம் 'செய்தீர்களா?' என்று கேட்பதற்கு அந்தச் சொல் பொருந்தும். கோச்சிங் அது இல்லை.

ஆறு வயதுப் பையன் சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சையாளர் முதலில் அம்மாவிடம் கேட்பார்: எந்த நேரத்தில் இது பெரிய பாடாகிறது, இதுவரை என்னென்ன செய்துபார்த்தீர்கள், எதில் கொஞ்சமாவது பலன் இருந்தது? பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் முடியாது, சாயங்காலம் உடை மாற்றும்போது பார்க்கலாம் என்று அம்மாவே சொல்வார். மற்ற பொத்தான்களை அவர் போட்டுவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் பையனிடம் விடுவது, அது கைவந்ததும் கடைசி இரண்டு, அப்புறம் மூன்று என்று முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் போகும் உத்தியைச் சிகிச்சையாளர் அப்போதுதான் எடுத்துவைப்பார், அதையும் 'உங்கள் வீட்டுக்கு இது ஒத்துவருமா?' என்ற கேள்வியோடு. கோச்சிங் பற்றிக் கையேடு எழுதிய ரஷ், ஷெல்டன் இருவரும் இந்த முறையை ஐந்து கூறுகளாகப் பிரிக்கிறார்கள்: சேர்ந்து திட்டமிடுதல், கவனித்தல், செய்துபார்த்தல், நடந்ததை அலசுதல், பின்னூட்டம். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர் பெற்றோர், முடிவும் அவர்களுடையது. கலைச்சொல் அந்த மரியாதையை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது.

அதனால்தான் 'வழித்துணை' என்கிறேன். 'வழிகாட்டல்' என்றால் ஒருவர் முன்னால் போகிறார், 'ஆலோசனை' ஏற்கெனவே கவுன்சலிங்குக்குப் போய்விட்டது. வழித்துணைக்கு வருபவர் கூடவே நடப்பார், போகவேண்டிய ஊர் போகிறவருடையது. 'பெற்றோர் வழித்துணை' என்று தொகையாக எழுதினால் பெற்றோர்தான் துணை என்றும் படிக்க இடமிருக்கிறது, அது உண்மையான குறை. முதல்முறை 'பெற்றோருக்கான வழித்துணை' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு வெறும் 'வழித்துணை' போதும்.

ஆக்குபேஷனல் தெரபிக்குத் 'தொழில்வழி சிகிச்சை' வேண்டாம், 'செயல்வழி சிகிச்சை' என்போம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடே. 1917இல் அமெரிக்காவில் இதற்கென முதல் சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே ஆக்குபேஷன் என்பது பிழைப்பை மட்டும் குறித்ததில்லை, மனிதர் ஈடுபடும் செயல்களைக் குறித்தது. உண்பது, உடுத்துவது, விளையாடுவது எல்லாம் அதில் அடக்கம். குழந்தைக்கு என்ன தொழில் என்று பெற்றோர் குழம்புவதும் நியாயம்தான். 'செயல்வழி சிகிச்சை' இருக்கட்டும்.

கோச் என்பவர் 'வழித்துணையர்'. வினையாக்கும்போதுதான் இடிக்கிறது: 'வழித்துணை செய்தார்' ஒட்டவில்லை, 'வழித்துணையாக இருந்தார்' நீளம். இப்போதைக்கு நீளமானதையே எழுதுகிறேன், சுருக்கமான வினை தோன்றினால் சொல்லுங்கள்.