முகப்படத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் உணர்வுசார் நுண்ணறிவு இல்லை என்று பொருளா?

சாட்ஸ்வொர்த் மேற்பார்வையாளர் (வினா)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு துணிக்கடையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அண்மையில் எங்கள் நிர்வாகம் உணர்வுசார் நுண்ணறிவு, அதாவது தம் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் திறன், குறித்து ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. திரையில் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, கோபம், வருத்தம், அச்சம், வியப்பு, அருவருப்பு, மகிழ்ச்சி ஆகிய ஆறில் எது என்று குறிக்கச் சொன்னார்கள். அச்சத்தை வியப்பு என்றும் வியப்பை அச்சம் என்றும் பல இடங்களில் குறித்திருந்தேன். பணியாளர்களின் மனநிலையை அறியும் திறன் எனக்குப் போதாது என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள்.

அதைவிட உறுத்தலானது வேறொன்று. கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்று அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் கல்லாவில் இருக்கும் சூலு இனத்து இளைஞர், நான் எதைக் கேட்டாலும் தரையைப் பார்த்தபடிதான் பதில் சொல்வார். கணக்கில் சிறு தொகை குறைந்த ஒரு நாளில் அவர் அப்படி நின்றதைக் கண்ட மேலாளர், அன்று முதல் அவர்மீது ஐயம் கொண்டிருக்கிறார். இந்தத் தேர்வுக்கும் பாடத்துக்கும் அறிவியல் அடிப்படை எந்த அளவுக்கு உண்டு என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர் (ஓய்வு)

ஐயா, முதலில் மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் வரையறுத்த உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1997-இல் அதை நான்கு கூறுகளாகப் பிரித்தார்கள்: உணர்வை இனங்காணுதல், அதைச் சிந்தனைக்குத் துணையாக்குதல், அது எதனால் எழுந்து எப்படி மாறுகிறது என்று புரிந்துகொள்ளுதல், அதை நெறிப்படுத்துதல். நீங்கள் எழுதிய தேர்வு முதற்கூறின் ஒரு பகுதியை மட்டுமே தொடுகிறது. அதை வைத்து ஒருவருக்குப் பணியாளர்களை நடத்தத் தெரியாது என்று எழுதுவது அத்துமீறல்.

அச்சமும் வியப்பும் குழம்புவதில் வியப்பே இல்லை. உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் நடத்திய ஆய்வை 1971-இல் வெளியிட்டார்கள். முகபாவங்கள் உலகப் பொதுவானவை என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது. அதிலேயே அச்ச முகத்தையும் வியப்பு முகத்தையும் அம்மக்கள் பிரித்தறியவில்லை. காரணம் தசைகளில் இருக்கிறது. இரண்டிலும் புருவங்கள் உயரும், மேலிமை விரிந்து விழியின் வெண்மை கூடுதலாகத் தெரியும். வியப்பில் தாடை தளர்ந்து வாய் திறக்கும். அச்சத்திலோ உயர்ந்த புருவங்கள் நடுவை நோக்கி நெருங்கும், கீழிமை இறுகும், உதடுகள் காதுப் பக்கமாக இழுபடும். அடுத்த முறை வாயையும் புருவ நடுவையும் பாருங்கள், மதிப்பெண் கூடும்.

கூடினாலும் கடையில் அது எவ்வளவு பயன்படும் என்பது வேறு கேள்வி, ஏனெனில் இத்தகைய படங்களில் பெரும்பாலானவை நடித்துக் காட்டச் சொல்லி எடுக்கப்பட்டவை. லிசா ஃபெல்ட்மன் பேரெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, கோபம் கொண்டவர்கள் புருவத்தை நெரித்து முறைப்பது ஏறத்தாழ 30 விழுக்காட்டுத் தருணங்களில்தான் என்று கண்டார்கள். மற்ற நேரங்களில் கோபக்காரர் சிரிக்கவும் கூடும், அழவும் கூடும், ஒன்றுமே காட்டாமல் இருக்கவும் கூடும். உற்றுக் கவனிப்பவர் கோபமே இல்லாமல் புருவத்தை நெரிப்பதும் உண்டு. இன்னொன்று: 2012-இல் ஹில்லெல் அவியேசர் குழுவினர், முக்கியமான புள்ளியை வென்ற, தோற்ற டென்னிஸ் வீரர்களின் முகங்களை மட்டும் வெட்டிக் காட்டினார்கள். வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. உடலைக் காட்டியபோது சொன்னார்கள். நம் ஊரில் காவடி எடுப்பவரின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வெளியூர்க்காரரிடம் காட்டினால் என்ன விடை வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

பீனிக்ஸ் செவிலியர்

அண்ணா, கண்ணைப் பற்றிய செய்திக்கு நான் பதில் சொல்கிறேன். சூலு மரபில் ஹ்லோனிபா எனப்படும் மரியாதை முறை உண்டு. மூத்தவரிடமோ மேலதிகாரியிடமோ பேசும்போது பார்வையைத் தாழ்த்துவது அதில் ஒன்று. நேராக உற்றுப் பார்ப்பதுதான் துடுக்குத்தனமாகக் கொள்ளப்படும். நம் வீடுகளிலும் தாத்தா கடிந்துகொள்ளும்போது அவர் கண்ணை முறைத்துப் பார்த்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இளைஞர் உங்களை மதிக்கிறார், அவ்வளவுதான்.

பார்வை விலகினால் பொய் என்ற நம்பிக்கை பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்க அது நம்பத்தக்க அடையாளம் அன்று. ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று நடத்தையைப் பார்த்துக் கணித்தவர்களின் சராசரி வெற்றி 54 விழுக்காடு என்று சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-இல் தொகுத்துக் காட்டினார்கள். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

லெனேசியா வாசகர்

மேலே எழுதிய இருவரும் முகத்தைப் பார்ப்பதே வீண் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். நெஞ்சில் மிகுந்ததை முகம் பளிங்கு போலக் காட்டிவிடும் என்று திருக்குறள் குறிப்பறிதல் அதிகாரத்தில் தெளிவாகச் சொல்கிறதே. வாய் திறக்காத வாடிக்கையாளரின் சலிப்பை முகத்தில் கண்டுகொள்ளாத விற்பனையாளர் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர் (ஓய்வு)

வீண் என்று நான் எழுதவில்லை ஐயா. ஆனால் அந்த அதிகாரம் அமைச்சியலில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அரசனோடு நாள்தோறும் பழகி, அவன் எப்போது எப்படி இருப்பான் என்று அறிந்த அமைச்சனுக்குச் சொன்னது அது. திரையில் ஒரு நொடி தோன்றி மறையும் அறிமுகமற்ற முகத்துக்கு அதைப் பொருத்த முடியாது. ஹிலரி எல்ஃபென்பைனும் நளினி அம்பாடியும் 2002-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதற்கு அருகில்தான் வருகிறது: தம் குழுவினரின் முகபாவத்தை மக்கள் கூடுதலாகச் சரியாக அறிகிறார்கள், பிற குழுவினரோடு பழக்கம் மிகுந்த இடங்களில் அந்த வேறுபாடு குறைகிறது. ஆகவே கல்லா இளைஞரைப் பற்றி, வகுப்பெடுத்தவரைக் காட்டிலும் கேள்வி கேட்ட ஐயாவின் கணிப்புக்குத்தான் மதிப்பு அதிகம். அந்த இளைஞர் எப்போதும் தரையைப் பார்ப்பவர் என்றால், அன்றும் பார்த்தார் என்பதில் புதிய செய்தி ஒன்றும் இல்லை. வழக்கத்திலிருந்து மாறியிருந்தால்தான் என்ன ஆயிற்று என்று கேட்கலாம்; அப்போதும் கேட்கத்தான் வேண்டும், தீர்ப்புச் சொல்லக்கூடாது.

சாட்ஸ்வொர்த் மேற்பார்வையாளர்

அனைவருக்கும் நன்றி. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான் பேசுகிறார். கணக்குச் சரியாக இருந்த நாட்களிலும் அப்படித்தான். மேலாளரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது? நான் அவருக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துவிடக்கூடாது.

பீனிக்ஸ் செவிலியர்

இரண்டையும் தனித்தனியே பேசுங்கள், அண்ணா. பணம் குறைந்ததற்கு அன்றைய ரசீதுகளையும், திருப்பிக் கொடுத்த துணிகளின் பதிவையும், அந்தக் கல்லாவில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்பதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்; அதில் யாருக்கும் சலுகை வேண்டாம். பயிற்சியைப் பற்றி எழுதும் கடிதத்தில் இளைஞரின் பெயரே வரக்கூடாது. பார்வையைப் பற்றிய அந்தப் பாடம் சூலு பணியாளர்கள் பலரையும் பொய்யர்களாக்கிவிடும் என்பதை மட்டும் எழுதி, 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வைக் குறிப்பிடுங்கள். அந்த இளைஞரிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், மேசைக்கு எதிரே நிற்க வைக்காமல், துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் நின்று கேளுங்கள்.