அமெரிக்க ராணுவ வரலாறு, சிறப்புப் படைகள்: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

காரைக்குடி வாசகன்:
வணக்கம். அமெரிக்க ராணுவ வரலாற்றை, முக்கியமாக ரேஞ்சர், கிரீன் பெரே, கடற்படையின் சீல் ஆகிய சிறப்புப் படைகளைப் பற்றி ஒழுங்காகப் படிக்க வேண்டும். யூடியூபில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஒரு அணி எந்த வருடம் உருவானது என்பதற்கே ஒத்த பதில் கிடைப்பதில்லை. கதைப் புத்தகம் வேண்டாம், தேதி, அணி, தளபதி பெயர் என்று சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்க்கிற மாதிரி வேண்டும். இந்த ஆர்வம் வந்தது பர்மா வழியாகத்தான். எங்கள் ஐயாவின் அப்பா அங்கே கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர், 1942இல் ஜப்பான் படை வந்ததும் கடை, நிலம், பாக்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அப்புறம் அந்தக் காடுகளில் மெரில் என்பவரின் அமெரிக்கப் படை சண்டை போட்டது என்று கேள்விப்பட்டேன். இறக்குமதிப் புத்தகங்களின் விலை மலைக்க வைக்கிறது, எதை வாங்கலாம்?

கோட்டையூர் பெரியவர்:
தம்பி, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தொடங்குங்கள். அமெரிக்க ராணுவத்தின் வரலாற்று மையம் வெளியிட்ட இரண்டாம் உலகப்போர் வரிசை 70க்கும் மேற்பட்ட தொகுதிகள், பச்சை அட்டை போட்டவை. அவர்கள் தளத்திலேயே பிடிஎஃப் ஆக இலவசம். உங்களுக்கு வேண்டிய பர்மா கதை ரோமேனஸ், சண்டர்லேண்ட் இருவரும் எழுதிய மூன்று தொகுதிகளில் இருக்கிறது. அதில் இரண்டாவது, 1956இல் வந்த 'ஸ்டில்வெல்ஸ் கமாண்ட் ப்ராப்ளம்ஸ்', அதை முதலில் எடுங்கள். ஸ்டில்வெல் அங்கே அமெரிக்கத் தளபதியாக இருந்தவர். மெரில் படையின் அலுவல் பெயர் 5307வது கூட்டு அணி, சுமார் 3,000 பேர், எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். 1944 மே 17 அன்று வட பர்மாவின் மைட்கினா விமானத்தளத்தைப் பிடித்தார்கள். ஊர் விழுந்ததோ ஆகஸ்ட் 3இல்தான், அதற்குள் நோயும் பசியும் அந்தப் படையைத் தின்றுவிட்டன. இன்றைய 75வது ரேஞ்சர் ரெஜிமென்ட் தன் வம்சாவளியில் இவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. மொத்த வரலாறும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் தொகுத்த 'அமெரிக்கன் மிலிட்டரி ஹிஸ்டரி', இரண்டு தொகுதி, அதுவும் இலவசம். கடற்படைக்கு மோரிசன் எழுதிய 15 தொகுதிகள், பழைய புத்தகக் கடையில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

தேவகோட்டை செல்வி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் சிறப்புப் படைகளுக்கு அது மட்டும் போதாது, அவை பெரும்பாலும் அந்தப் போருக்குப் பிறகு பிறந்தவை. கிரீன் பெரே என்று நீங்கள் சொல்லும் ராணுவச் சிறப்புப் படையின் முதல் குழுவான 10வது குழு 1952இல் ஃபோர்ட் பிராக்கில் தொடங்கியது, சீல் 1962 ஜனவரியில், ராணுவத்தின் ரகசிய அணியான டெல்டா 1977இல். இதில் எந்தப் புத்தகம் வாங்கினாலும் முதலில் பதிப்பு வருடத்தைப் பாருங்கள். 1980 ஏப்ரலில் ஈரானில் பணயக்கைதிகளை மீட்கப் போன முயற்சி பாலைவனத்திலேயே சிதைந்தது, 8 பேர் இறந்தார்கள். எல்லாப் பிரிவுகளின் சிறப்புப் படைகளும் ஒரே தலைமையின் கீழ் வருவதற்கு அதுதான் பெரிய காரணம், அந்தத் தலைமையகம் 1987 ஏப்ரலில் அமைந்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் யார் யாருக்குக் கீழே என்கிற படமே வேறாக இருக்கும். வியட்நாமுக்குக் கர்னல் கெல்லி எழுதி 1973இல் வந்த 'யுஎஸ் ஆர்மி ஸ்பெஷல் ஃபோர்சஸ் 1961-1971' இலவசமாகக் கிடைக்கிறது. அவர் அங்கே 5வது குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அதனால் தன் ஆட்களைப் பற்றி எழுதுகிறார் என்ற நினைப்போடு படியுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் ஆஸ்ப்ரே பதிப்பகத்தின் 'எலீட்' வரிசை மெல்லிய புத்தகங்கள், சீருடை, முத்திரை, ஆயுதம் பார்க்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. போர்க்களத்துக்கு அதை நம்பி நிற்காதீர்கள், 64 பக்கத்தில் எவ்வளவு சொல்ல முடியும்?

காரைக்குடி வாசகன்:
மிக்க நன்றி அண்ணே, அக்கா. வீரர்களே எழுதிய நினைவுக் குறிப்புகள் நிறைய வருகின்றனவே, அவற்றையும் ஆதாரமாகக் கொள்ளலாமா?

தேவகோட்டை செல்வி:
தாராளமாகப் படியுங்கள், குளிரும் பயமும் எப்படி இருந்தது என்பது அங்கேதான் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கையும் தேதியும் அதிலிருந்து எடுக்காதீர்கள், டெல்டா போன்ற ரகசிய அணிகளில் பணியாற்றியவர்கள் எழுதுவது தணிக்கைக்குப் போய்த்தான் வருகிறது, வெட்டுப்பட்டது எது என்று வாசகருக்குத் தெரியாது.

கோட்டையூர் பெரியவர்:
பர்மா தொகுதியைத் திறந்ததும் அதில் இருக்கிற வரைபடங்களை மட்டும் தனியாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஊர்ப் பெயர்கள் குழப்பும், வலாவ்பும், ஷடுசுப் எல்லாம் எங்கே என்று தெரியாமல் அந்த அத்தியாயங்களுக்குள் போக முடியாது.